ரிப்பீட்டருக்கு நிலையான முகவரி வேணுமா? ஒரு சின்ன வரலாறு

1/
ஹாம் ரேடியோ ரிப்பீட்டரை இன்டர்நெட்டோட இணைக்கப் போறோம். ஸ்டாட்டிக் ஐ.பி. காசு குடுத்து வாங்கணுமா, பிராட்பேண்ட் கம்பெனி குடுக்கிற டைனமிக் ஐ.பி.யே போதுமா? பார்க்க சின்ன டெக்னிக்கல் சந்தேகம். ஆனா இதுக்குப் பின்னாடி நாற்பது வருஷக் கதை இருக்கு. 2015 டிசம்பர்ல அடையாறு ஓரம் இருந்தவங்களுக்கு நேரடியா சம்பந்தப்பட்ட கேள்வியும் இருக்கு. நீளமான த்ரெட், காபியோட வாங்க.

2/
முதல்ல சொல் விளக்கம். எங்க ஆஸ்பத்திரி பாஷையில ஐ.பி.ன்னா உள்நோயாளி. அட்மிஷன் ஆனதும் ஒரு ஐ.பி. நம்பர் போடுவாங்க. வார்டு மாறினாலும், ஐ.சி.யூ. போனாலும், டிஸ்சார்ஜ் வரைக்கும் அதே நம்பர்தான். ஓ.பி. டோக்கன் அப்படி இல்ல. இன்னைக்கு 37 நீங்க, நாளைக்கு 37 வேற யாரோ.

3/
இன்டர்நெட் ஐ.பி. என்பது கம்ப்யூட்டரோட முகவரி. அது ஸ்டாட்டிக்கா இருந்தா உள்நோயாளி நம்பர் மாதிரி நிலையானது. டைனமிக்னா ஓ.பி. டோக்கன் மாதிரி, ரவுட்டரை அணைச்சுப் போட்டா மாறலாம். இந்த ஒப்பீட்டுல ஒரு ஓட்டை இருக்கு. அதைக் கடைசியில பார்ப்போம், விஷயமே அதுலதான் இருக்கு.

4/
ரிப்பீட்டர்னா என்ன? கையில பிடிக்கிற வாக்கிடாக்கி சுமார் 5 வாட்தான். நந்தனத்துல தெருவுல நின்னு பேசினா நாலு கட்டடம் தாண்டறதுக்குள்ள சத்தம் கரைஞ்சிடும். உயரமான மொட்டைமாடியில ஒரு பெட்டியும் ஆன்டெனாவும் வச்சா, அது ஒரு அலைவரிசையில கேட்டு, அதே நொடியில இன்னொரு அலைவரிசையில பலமாத் திருப்பிச் சொல்லும். மயிலாப்பூர்ல இருக்கிறவர் பேசறது தாம்பரத்துல கேட்கும். இதுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை.

5/
சென்னைக்கும் அமெச்சூர் ரேடியோவுக்கும் பழைய உறவு. 1924 மே 16ல சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் தொடங்குது. ஜூலை 31ல ஒலிபரப்பும் ஆரம்பம். இந்தியாவுல அரசு வானொலி வர்றதுக்கு முன்னாடியே ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தின நிலையம் அது.

6/
பணத் தட்டுப்பாட்டுல 1927ல கிளப் நின்னுபோச்சு. கருவிகளை மாநகராட்சிகிட்ட ஒப்படைச்சாங்க. 1930 ஏப்ரல் 1ல மாநகராட்சி அதே வேலையைத் தொடர்ந்தது. 1938 ஜூன் 16ல அகில இந்திய வானொலியின் மெட்ராஸ் நிலையம் வந்தது. நடத்தினவங்க மாறினாங்க, பெட்டி மாறிச்சு. கேட்கிறவங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்: சரியான அலைவரிசைக்கு முள்ளைத் திருப்பணும்.

7/
ஹாம்களுக்கு இதோட இன்னொரு அடையாளமும் உண்டு: கால் சைன், அதாவது அழைப்புக்குறி. அரசு உரிமத்தோட வர்ற பெயர். இந்தியாவுல வி.யு.ன்னு ஆரம்பிக்கும். ராஜீவ் காந்தி வி.யு.2ஆர்.ஜி. நீங்க வீடு மாறினாலும், கருவி மாத்தினாலும், கார்ல போய்க்கிட்டே பேசினாலும் அது உங்களோடவே வரும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

8/
இப்போ இன்டர்நெட் பக்கம் போவோம். ஆரம்பத்துல எல்லா முகவரியும் ஸ்டாட்டிக்தான். இருந்ததே சில நூறு கம்ப்யூட்டர். கலிஃபோர்னியாவுல எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்துல எலிசபெத் ஃபைன்லர் குழு ஒரே ஒரு ஃபைல்ல எல்லாப் பெயரையும் முகவரியையும் வச்சுப் பராமரிச்சது. சின்ன ஊர் போஸ்ட்மேன் மனப்பாடமா வச்சிருப்பாரே, அந்த மாதிரி.

9/
ஊர் பெருத்தா போஸ்ட்மேன் மனப்பாடம் தாங்காது. 1983ல பால் மொக்கபெட்ரிஸ் டி.என்.எஸ்.ஸை வடிவமைச்சார். பெயரைச் சொன்னா முகவரியைத் தேடிக் கொடுக்கிற முறை. பெயரும் இருக்கிற இடமும் தனித்தனி விஷயம்னு அப்பவே புரிஞ்சுபோச்சு. நம்ம கதைக்கு இதுதான் முதல் திருப்பம்.

10/
அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1981ல, ஹாங்க் மாக்னுஸ்கி என்ற அமெரிக்க ஹாம் ஒரு வேலை செஞ்சார். ரேடியோ வழியா கம்ப்யூட்டர்களை இணைக்க முகவரி வேணும்னு கேட்டு, 44ல் தொடங்கும் மொத்தத் தொகுதியையும் உலக ஹாம்களுக்காக வாங்கி வச்சார். 1,67,77,216 முகவரிகள்! அன்னைக்கு அது வெறும் எண். யாரும் பெருசா எடுத்துக்கல.

11/
இந்தியாவுல 1986ல எர்நெட் தொடங்குது. ஆரம்ப நிறுவனங்கள்ல நம்ம ஐ.ஐ.டி. மெட்ராஸும் ஒண்ணு. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமா. முதல் கட்ட நகரங்கள்ல மெட்ராஸும் உண்டு. கீய்ங்ங்னு கத்துற மோடம், டயல் பண்ற ஒவ்வொரு தடவையும் ஒரு புது முகவரி. அதாவது நாம இன்டர்நெட்டுக்குள்ள வந்ததே ஓ.பி. டோக்கன் வாங்கிக்கிட்டுத்தான்.

12/
ஏன் டோக்கன்? மொத்த ஐபிவி4 முகவரிகளே சுமார் 429 கோடி. எல்லாருக்கும் நிரந்தரமாக் குடுத்தா பத்தாது. அதான் 1993ல டி.எச்.சி.பி. வந்தது: இருக்கிற வரை வச்சுக்கோ, போகும்போது குடுத்துடு. 1994ல நாட் என்ற வழியும் வந்தது: வீட்ல பத்து கருவி இருந்தாலும் வெளியே ஒரே முகவரி.

13/
நாட்டை ஆஸ்பத்திரி ரிசப்ஷனா நினைச்சுக்கோங்க. வார்டுலேர்ந்து யார் வேணா வெளியே போன் பண்ணலாம். வெளியேயிருந்து வர்ற போன் ரிசப்ஷனோட நிக்கும், எந்த வார்டுக்குக் குடுக்கணும்னு அவங்களுக்குத் தெரியாது. "இந்த எண் கேட்டா மூணாவது வார்டுக்குக் குடுங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங்னு செய்யறது இதைத்தான்.

14/
1997ல கனடாவின் வான்கூவர்ல டேவிட் கேமரன் ரிப்பீட்டர்களை இன்டர்நெட்ல கோத்தார். பேரு ஐ.ஆர்.எல்.பி. முதல்ல விண்டோஸ்ல சாதாரண வாய்ஸ் சாஃப்ட்வேர் வச்சு முயற்சி. அடிக்கடி தொங்கிப்போனதால லினக்ஸுக்கு மாறினார். ஒவ்வொரு ரிப்பீட்டருக்கும் நாலு இலக்க எண். ரேடியோவுல அந்த எண்ணை அழுத்தினா கண்டம் தாண்டின ரிப்பீட்டர் திறக்கும்.

15/
அந்த நாலு இலக்க எண் ஐ.பி. முகவரி இல்ல, அதைக் கவனிங்க. பெட்டி தன் இப்போதைய முகவரியை மைய சர்வருக்குச் சொல்லும், மத்தவங்க அங்கேருந்து தெரிஞ்சுக்குவாங்க. 2002ல ஜோனதன் டெய்லர் எழுதின எக்கோலிங்க்கும் இதே வழிதான். அங்கே பெயரே கால் சைன். உரிமத்தைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே விடுவாங்க. ரிப்பீட்டர்னா கால் சைனுக்குப் பின்னாடி 'ஆர்'னு ஒரு எழுத்து சேரும்.

16/
பிறகு ஜிம் டிக்சன் கொண்டுவந்த ஆல்ஸ்டார்லிங்க்லயும் எண், பதிவு, பட்டியல் முறைதான். ஆக, முகவரி மாறினாலும் ஆளைக் கண்டுபிடிக்கிற பிரச்சினையை ஹாம்கள் இருபது வருஷம் முன்னாடியே தீர்த்துட்டாங்க. அப்புறம் ஏன் இன்னும் "ஸ்டாட்டிக் வேணுமா?"ன்னு கேட்கிறோம்? ஏன்னா நடுவுல முகவரிகளே தீர்ந்துபோச்சு.

17/
2011 பிப்ரவரி 3ல உலகக் கையிருப்பின் கடைசி ஐபிவி4 தொகுதிகள் பங்கிடப்பட்டன. ஏப்ரல்ல ஆசிய-பசிபிக் பங்கும் கடைசித் தொகுதிக்கு வந்து ரேஷன் ஆரம்பம். 2012ல கம்பெனிகள் தங்களுக்குள்ள பயன்படுத்த 100.64ல் தொடங்கும் ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. இதுதான் சி.ஜி.நாட்: உங்க வீட்டுக்கு ஒரு ரிசப்ஷன், அதுக்கு மேல ஊருக்கே ஒரு ரிசப்ஷன். அந்த ஊர் ரிசப்ஷனிஸ்ட் உங்க பேச்சைக் கேட்க மாட்டார்.

18/
எக்கோலிங்க்குக்கு இது பெரிய அடி. அது யூ.டி.பி. 5198, 5199 வழியா வெளியேயிருந்து வர்றதை எதிர்பார்க்கும். ஒரு பொது முகவரிக்குப் பின்னாடி ஒரு எக்கோலிங்க்தான் நேரடியா ஓடும். சி.ஜி.நாட்டுக்குப் பின்னாடி உங்க முகவரியை ஆயிரம் வீடு பகிர்ந்துக்கும். அப்போ பட்டியல்ல உங்க பேர் தெரியும், கதவு திறக்காது. ப்ராக்ஸி வழியாத்தான் போகணும்.

19/
இங்கே ஒரு விஷயம் தெளிவாகணும். ஸ்டாட்டிக், டைனமிக் ஒரு கேள்வி. பொது முகவரியா, பகிர்ந்த முகவரியா என்பது வேற கேள்வி. மாறுகிற பொது முகவரியோட ரிப்பீட்டர் நல்லாவே ஓடும். பகிர்ந்த முகவரின்னா மாறினாலும் மாறாட்டாலும் தொல்லைதான். "ஸ்டாட்டிக் வாங்கினதும் சரியாயிடுச்சு"ன்னு சொல்றவங்க பலருக்கு உண்மையில கிடைச்சது பொது முகவரி.

20/
இப்போ நம்ம ஊர். 2015 டிசம்பர் 1. 24 மணி நேரத்துல தாம்பரத்துல 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் திறப்பு, அடையாறு கரை தாண்டல். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலத்துல போக்குவரத்து நிறுத்தம். கோட்டூர்புரம் முங்கிச்சு. நந்தனத்தின் தெற்கு எல்லையே ஆறுதான். ஊழியர்கள் மறைமலை நகர் அச்சகத்துக்குப் போக முடியாம டிசம்பர் 2ல தி இந்து வெளிவரல. 1878ல தொடங்கின பேப்பர் அது.

21/
கரண்ட் போச்சு. டவர்ல பேட்டரி தீர்ந்தது, டீசல் போய்ச் சேரல, செல்போன் செத்தது. ஒரு டாக்டரா எனக்கு அந்த நாட்கள்ல உறைச்சது இதான்: வாரம் மூணு டயாலிசிஸ் பண்றவருக்கு, வீட்ல ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்ல இருக்கிறவருக்கு, ஃப்ரிட்ஜ்ல இன்சுலின் வச்சிருக்கிறவருக்கு வேண்டியது நீண்ட உரையாடல் இல்ல. பேரு, இடம், என்ன தேவை. பத்து செகண்ட் செய்தி. அது போகல.

22/
பதினோரு வருஷம் முன்னாடி அந்தமான்ல அது போச்சு. 2004 டிசம்பர்ல ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனக் குழு, பாரதி பிரசாத் தலைமையில, போர்ட் பிளேர்ல இருந்தது. ஹாம் உலகத்தோட பேசறதுக்காகத்தான் போயிருந்தாங்க. 26ம் தேதி சுனாமி. மத்த தொடர்பு அறுந்த நேரத்துல அவங்க சிற்றலை ரேடியோதான் நலம் விசாரிப்பு முதல் நிவாரணம் வரை செய்தி சுமந்தது. அதுல ஐ.பி. முகவரின்னு ஒண்ணு கிடையாது, கால் சைன் மட்டும்தான்.

23/
அடுத்த வருஷம், 2005 மே 5ல, ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து இஸ்ரோ ஹாம்சாட்டை ஏத்துச்சு. 42.5 கிலோ. வானத்துல ஒரு ரிப்பீட்டர்னே சொல்லலாம். 2014 வரை வேலை செஞ்சது. அது ஒரு இடத்துல நிக்கவே இல்ல, தலைக்கு மேல வேகமாக் கடந்து போய்க்கிட்டே இருக்கும். ஆனா எப்போ எங்கே வரும்னு கணக்கு தெரியும். மாறுகிற இடம் பிரச்சினை இல்ல, தெரியாத இடம்தான் பிரச்சினை.

24/
2016 டிசம்பர் 12, வர்தா புயல். இந்த முறை தண்ணி இல்ல, காத்து. மரங்கள் சாஞ்சு, கம்பத்துல தொங்கின கேபிள்கள் அறுந்து கிடந்தன. இப்போ ஒரு கணக்குப் போடுவோம். நந்தனத்துல ஒரு மொட்டைமாடியில ரிப்பீட்டர் இருக்கு. மாசாமாசம் கூடுதல் காசு குடுத்து ஸ்டாட்டிக் ஐ.பி. மத்த ஊர் ரிப்பீட்டர்கள் எல்லாம் அந்த எண்ணையே நேரா எழுதி வச்சிருக்காங்க. கேபிள் அறுந்தது. என்ன ஆகும்?

25/
கையில 4ஜி டாங்கிள் இருக்கு, செருகுறீங்க. ரிப்பீட்டருக்கு இன்டர்நெட் வந்துடுச்சு, ஆனா வேற முகவரியில. அதுவும் பெரும்பாலும் சி.ஜி.நாட்டுக்குப் பின்னாடி. மத்தவங்க இன்னும் அறுந்த கேபிளோட முகவரிக் கதவைத் தட்டிக்கிட்டிருப்பாங்க. நீங்க காசு குடுத்து வாங்கின முகவரி உங்களோடது இல்ல. அது அந்தக் கேபிளோடது.

26/
ஆரம்பத்துல சொன்ன ஓட்டை இதான். கம்பெனி தர்ற ஸ்டாட்டிக் ஐ.பி. உள்நோயாளி நம்பர் மாதிரி இல்ல, கட்டில் நம்பர் மாதிரி. வெள்ளத்துல நோயாளியை வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தினா கட்டில் கூட வராது. கையில கட்டின பட்டைதான் வரும். ரிப்பீட்டருக்கு அந்தப் பட்டை கால் சைனும் நோடு எண்ணும்.

27/
இதுக்கு ஒரு விதிவிலக்கு அந்த 44 தொகுதி. அது கேபிளுக்கு ஒதுக்கினது இல்ல, உரிமம் உள்ள ஹாமுக்கு ஒதுக்கறது. டனல் போட்டா எந்த இணைப்புல இருந்தாலும் அதே முகவரியில உங்களைப் பிடிக்கலாம். ஆனா டனலோட மறுமுனை உயிரோட இருக்கணும். மூணாவது ஆளை நம்பாத வழின்னு ஒண்ணு இன்டர்நெட்ல இல்லவே இல்ல.

28/
2019ல அந்தத் தொகுதியில கால்வாசி, 41,94,304 முகவரிகள், அமேசானுக்கு விற்கப்பட்டது. விலை 10 கோடி டாலருக்கு மேல். அதை நிர்வகிக்கிற ஏ.ஆர்.டி.சி. அந்தப் பணத்துல நல்கை குடுக்குது. "எங்களைக் கேட்காம எப்படி வித்தீங்க?"ன்னு பல ஹாம்கள் கோபப்பட்டாங்க. சும்மா கிடந்த எண்கள் சொத்தாகிப்போச்சு. 100.64 தொகுதியும் சரியா இதே அளவுதான், அதையும் கவனிங்க.

29/
இதே காலத்துல ஐபிவி6 வந்தது. 2016 செப்டம்பர் 5ல தொடங்கின ஜியோ அதைப் பெரிய அளவுல பயன்படுத்தினதால இந்தியா இந்த விஷயத்துல உலகத்துல முன்வரிசைக்கு வந்துச்சு. முகவரிப் பஞ்சம் அதுல கிடையாது. ஆனா எக்கோலிங்க் மாதிரி பழைய ஹாம் மென்பொருள்கள் ஐபிவி4 காலத்துல பிறந்தவை. பஞ்சம் தீர்ந்தாலும் பழைய ரேஷன் கார்டோட வரிசையில நிக்கிற நிலைமை.

30/
சரி, டாக்டர், பிரிஸ்கிரிப்ஷன் எழுதுங்கன்னா:
ரிப்பீட்டர் மட்டும்தான், பதிவு சர்வர் முறை இருக்கு, பொது முகவரி கிடைக்குது: டைனமிக் போதும்.
சி.ஜி.நாட்டுக்குப் பின்னாடி இருக்கு: ப்ராக்ஸி அல்லது வி.பி.என்., அல்லது ரிப்பீட்டரே வெளியே போய் ஒரு மைய சர்வரோட இணையற முறை. ரிசப்ஷன் வெளியே போற போனைத் தடுக்காது.
பல ரிப்பீட்டர்கள் வந்து சேர்ற அந்த மையம் உங்களோடதுன்னா: ஸ்டாட்டிக் அதுக்குத்தான் வேணும்.

31/
அந்த மையம் நந்தனத்து மொட்டைமாடியில இருக்கக் கூடாது. சென்னையிலயே இருக்கக் கூடாது. ஒரே ஆறு ரெண்டையும் முக்கிடும். வேற ஊர் டேட்டா சென்டர்ல இருக்கட்டும். நிலையான முகவரின்னா நாள் முழுக்கக் கதவைத் தட்டிப் பார்க்கிற ஆட்களும் இருப்பாங்க, பாஸ்வேர்டை ஒழுங்கா மாத்துங்க. இன்டர்நெட்டோட இணைக்கும் முன்னாடி உங்க உரிமம் அதை அனுமதிக்குதான்னு படிச்சுப் பாருங்க.

32/
இதெல்லாத்துக்கும் மேல ஒரு சோதனை. ஆஸ்பத்திரியில மாரடைப்பு டிரில் நடத்தற மாதிரி, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பிராட்பேண்ட் வயரைப் பிடுங்குங்க. 4ஜிக்கு மாறி, பட்டியல்ல உங்க நோடு திரும்ப எத்தனை நிமிஷத்துல வருதுன்னு பாருங்க. அப்புறம் 4ஜியையும் பிடுங்குங்க. மெயின் கரண்டையும் அணைங்க.

33/
அப்பவும் மயிலாப்பூர்லேர்ந்து ஒருத்தர் பேசினா தாம்பரத்துல கேட்குதா? பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குது? இதுக்குப் பதில் தெரியாம ஸ்டாட்டிக்கா டைனமிக்கான்னு விவாதிக்கிறது, பல்ஸ் பார்க்காம எம்.ஆர்.ஐ. எழுதற மாதிரி. இன்டர்நெட் இணைப்பு ரிப்பீட்டருக்குக் கிடைக்கிற கூடுதல் கை. அது போனா ரிப்பீட்டரும் சேர்ந்து போகக் கூடாது.

34/
1924ல மெட்ராஸ்ல பெட்டியைச் செஞ்சு பேசினவங்களுக்கு முகவரிப் பிரச்சினை இல்ல, அலைவரிசை தெரிஞ்சா போதும். இன்னைக்கும் வெள்ளம் வந்தா நாம திரும்பிப் போற இடம் அதுதான். ஹாம் உரிமத் தேர்வு 12 வயசுலேர்ந்து எழுதலாம். உங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தராவது எழுதுங்க. டயாலிசிஸ் நோயாளி இருக்கிற வீடா இருந்தா கண்டிப்பா யோசிங்க.

35/
ஹாம் நண்பர்கள் உங்க ரிப்பீட்டர்ல எந்த முறை வச்சிருக்கீங்க, 2023 மிக்ஜாம் புயல் சமயத்துல அது எப்படி நடந்துக்கிச்சுன்னு கீழே எழுதுங்க. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி நாலு பேருக்கு உதவும்.